பிரிக்காத ஜிப்பும் மலைக்காரர்களின் கிழங்கும்

கச்சிராயபாளையம் பக்கம் எங்களுக்கு ஓர் எடைமேடை இருக்கிறது. எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள்.

அந்தக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை மூட்டை மூட்டையாகத் தொங்கவிட்டுத்தான் நிறுப்போம். காற்றடித்தால் முள்ளும் ஆடும். அது பெரிய கதை.

போன அறுவடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். எடை போடும் புரோகிராம் இரண்டு விதமாக இருந்தது. தானே பதிந்துகொள்ளும் இன்ஸ்டாலர் ஒன்று, எல்லாவற்றையும் மூட்டைபோல் சேர்த்துக் கட்டிய ஜிப் ஃபைல் ஒன்று. மலைமேல் வெள்ளிமலையிலிருந்து கிழங்கு ஏற்றி வந்த வண்டிகள் காத்திருந்தன.

"சீக்கிரம் ஆவுறத போடும்மா" என்றேன்.

ஸ்டெல்லா ஜிப்பைப் பிரிக்காமல், அதற்குள்ளிருந்தே புரோகிராமை ஓட்டினாள். எல்லார் கிழங்கையும் நிறுத்து ஒரே லாரியில் கொட்டி அனுப்பினோம். பிறகு புரோகிராமை மூடித் திறந்தால் ஓர் எடைகூட இல்லை.

"இன்னா பெருசு, என் கெழங்கு எவ்ளோன்னு நீ சொல்றியா, லாரிக்காரன் சொல்வானா?" என்றார் மலைக்காரர் ஒருவர்.

புரோகிராம் தந்த திருக்கோவிலூர்ப் பெண்ணுக்கு போன் போட்டோம்.

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிடாதீங்க பெரியப்பா. மூட்டைய அவுக்காமலே சமைச்சிக்கினு இருந்திருக்கீங்க. எடையெல்லாம் கம்ப்யூட்டர் தற்காலிகமா ஒரு எடத்துல வெச்சிருக்கும், தேடலாம்."

அவர் சொன்ன இடத்தில் ஸ்டெல்லா தேடினாள். எல்லார் எடையும் அப்படியே கிடைத்தது. முகம்கூடப் பார்த்திராத அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது இன்ஸ்டாலர்தான் போட்டிருக்கிறோம். ஜிப்பாக வந்தால் முழுக்கப் பிரித்து வைத்த பிறகே திறக்கிறோம். எதுவானாலும், முதல் வண்டியை நிறுத்ததும் ஒருமுறை புரோகிராமை மூடித் திறக்கச் சொல்கிறேன். எடை அங்கேயே இருந்தால்தான் அடுத்த வண்டியைக் கூப்பிடுகிறேன்.