ஹிலாரியாவைப் பார்த்து ஓடிய ரேகை

என் அண்ணி ஹிலாரியா சுரங்கத்துக்குள் கால் வைத்த நாளிலிருந்தே ஆண்களுக்கு வயிற்றெரிச்சல். எங்கள் ஒருரோ மலைகளில் பெண்கள் வெளியே உட்கார்ந்து கழிவுக்கல்லை உடைத்துத் தாது பொறுக்கலாம். உள்ளே போனால் மலைக்குப் பொறாமை வந்து, பாறைக்குள் கோடாகக் கிடக்கும் வெள்ளீயத் தாது ரேகை ஓடி ஒளிந்துகொள்ளுமாம். நானும் கல் பொறுக்குகிறவள்தான். என் அண்ணன் டெமெத்ரியோவுக்குத் தூசியில் நுரையீரல் கெட்டதும், அவன் இடத்தில் அண்ணி இறங்கினாள். கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டில் ஒருவர் பெயராவது இருந்தால்தான் அவனுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வரும். வேறென்ன செய்வாள், பாவம்?

கெட்ட நேரம், அவள் இறங்கிய சில மாதத்திலேயே ரேகை கத்தியால் வெட்டியதுபோல ஒரு பாறைச் சுவரில் நின்றுபோனது. குழுத்தலைவன் செவேரோ குதித்தான். அண்ணி எப்போதும் வலது ஓரமாக நின்று வேலை பார்ப்பாள். ஆகவே ரேகை அவளைக் கண்டு இடதுபக்கம்தான் ஓடியிருக்கும் என்று முடிவுகட்டி, இடதுபக்கமே வெடி வைத்துக் குடைந்தார்கள். என்ன மூளையோ! வெறும் கல்தான் வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் பெயரை எடுத்துவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். பெயர் போனால் அண்ணனுக்குச் சிலிண்டரும் போய்விடும்.

மலையை அளக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து யெனி என்ற பெண் வந்திருந்தாள். அண்ணி அவளை உள்ளே கூட்டிப்போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். கடலடித் தரை நம் நிலத்துக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது, அந்த நெருக்கலில்தான் இந்த மலைகள் எழுந்தன என்றாள் யெனி. அடியில் பாறை உருகி, கொதிநீர் விரிசல்களில் ஏறி வெள்ளீயத்தைப் படியவிட்டதாம். நெருக்கல் அதோடு நிற்கவில்லை. பிறகு மலையே வெட்டுப்பட்டு நழுவியபோது ரேகையும் இரண்டு துண்டானது.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மத்த துண்டு எந்தப் பக்கம் போச்சும்மா?"

"செவுத்தத் தடவிப் பாருங்கக்கா, நழுவுனப்ப உரசுன தடம் இருக்கும். எந்தப் பக்கம் கை வழவழன்னு போகுதோ, அந்தப் பக்கந்தான்."

அண்ணி கையுறையைக் கழற்றித் தடவினாள். இடதுபக்கம் இழுத்தால் சொரசொரத்தது. வலதுபக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

செவ்வாய்க்கிழமை ஆண்கள் எல்லோரும் சுரங்கத்துக்குள் கொம்போடு உட்கார்ந்திருக்கும் களிமண் சாமிக்கு, தாதுவுக்கெல்லாம் சொந்தக்காரர் என்று நாங்கள் 'மாமா' என்றழைக்கும் அவருக்கு, கோகா இலையும் சிகரெட்டும் படைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் நானும் வலதுபக்கம் குடைய ஆரம்பித்தோம். மூன்றாம் நாளும் வெறும் கல். நான் அழுதே விட்டேன். அண்ணி திட்டிக்கொண்டே அடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கறுப்பாக ஒரு துண்டு விழுந்தது. கையில் எடுத்தால் இரும்புக் கனம். வெள்ளீயத் தாதுவேதான்.

செவேரோ வந்து அதை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் அசடு வழிந்தது.

"ஒளிஞ்சது என்னவோ நெசந்தான் அண்ணி. ஆனா உங்க பக்கமாத்தான் ஒளிஞ்சிருக்கு."

"மலை வெட்டுப்பட்டப்ப நான் பொறக்கவே இல்ல செவேரோ. உன் பாட்டனுக்குப் பாட்டனும் பொறக்கல. யாரப் பார்த்து ஓடுச்சாம்?"

அன்றைய கூட்டத்தில், உள்ளே இறங்குகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் அப்படியே நின்றது. அண்ணனுக்குச் சிலிண்டர் வருவது நிற்காது. அந்த நிம்மதியில் எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, எழுந்து நின்றேன்.

"என் பேரையும் எழுதிக்கங்க," என்றேன்.