எரிந்த மன்மதனை எழுப்பிய நாள்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் ஒரு கல்யாண வீடியோக் கடையில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாலை மாற்றும் காட்சியில் இதயங்களைப் பறக்கவிட என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அப்போதுதான் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் காமன் கூத்து டேப்புகள் என் மேசைக்கு வந்தன. என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர். மாசி மாதம் மலைக்கு மேலிருந்து வரும் தப்பு மேளச் சத்தத்தைக் குவாட்டர்ஸ் ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறேனே தவிர, ஒருநாளும் கூத்தைப் போய்ப் பார்த்ததில்லை. மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த கதை மட்டும் தெரியும். அது போதாதா என்று வேலையைத் தொடங்கிவிட்டேன்.

காட்சிகளைக் கணினியில் ஏற்றி, துண்டு துண்டாக நறுக்கி, வரிசையாகக் கோர்த்தேன். மன்மதன் அம்பு விடுகிறான். மீசையை மழித்துக்கொண்டு வந்த ரதி விழுந்து புரண்டு அழுகிறாள். தீ மூள்கிறது. அது கொழுந்துவிட்டு எரியும் இடத்தில் படத்தை மெல்ல இருட்டாக்கி, 'சுபம்' என்று போட்டேன். எனக்கே புல்லரித்தது. எரித்த மூன்றாம் நாள் எடுத்த டேப் ஒன்றும் இருந்தது. போட்டுப் பார்த்தால் ஒரே பனி, வெள்ளை வேட்டியைத் திரையில் கட்டியதுபோல. இதை எதற்கு ஏற்றுவது என்று முதலாளியின் பையில் திருப்பிப் போட்டுவிட்டேன். பழைய டேப்பின் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிவதுதான் எங்கள் கடை வழக்கம்.

ஒரு ஞாயிறு காலை, நான் வெட்டி ஒட்டிய முதல் பிரதியைப் பார்க்கத் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். மன்மதன் வேடமிட்ட இளைஞருக்கு மறுநாள் கட்டாருக்கு விமானம். சீடீயைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். சிறிய அறைக்குள் ஒரே கும்மாளம். ரதியின் ஒப்பாரியைப் பார்த்து ரதியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தீ மூண்டது, திரை இருண்டது, 'சுபம்' வந்தது. கைதட்டலுக்காகத் திரும்பிப் பார்த்தேன். மிச்சக் காட்சிக்காக எல்லோரும் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மன்மதனின் அம்மா என்னையே பார்த்தார். "ஏம்மா, எம் மகனை எரிச்சுப்புட்டீங்க. எழுப்பலையே?"

மகன் அவர் தோளைத் தொட்டு, தான் பக்கத்திலேயே நிற்பதைச் சொன்னார். அம்மா கேட்பதாக இல்லை. மூன்றாம் நாள் மன்மதனை உயிரெழுப்பினால்தான் கூத்து முடியும் என்றும், எரிந்தபடியே கிடக்கும் சீடீயோடு மகனைக் கடல் தாண்ட விடமாட்டேன் என்றும் கண்கலங்கினார். கட்டாராவது கிட்டாராவது என்று கதிரையில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டார். நான் பையில் போட்ட அந்த மூன்றாம் நாள் டேப்போடு முதலாளி மஸ்கெலியாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் அடித்தால் சிக்னல் இல்லை.

ஓட்டோ பிடித்தோம். நான், அம்மா, மகன். வளைவுக்கு வளைவு அம்மா முருகனைக் கூப்பிட, நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

பந்தலுக்குள் நுழைந்தபோது முகூர்த்த நேரம். முதலாளி ஒரு டேப்பைக் கேமராவுக்குள் தள்ளி மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். அட, நம்ம டேப்பேதான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போய் அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. அதுக்குள்ள எம் மகன் இருக்கான்."

மேளம் நின்றது. நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். திட்டு விழப்போகிறது என்று பார்த்தால், மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றார். "காமன எழுப்பாம எங்க வீட்டுல தாலி ஏறுறதா? எடுத்துக் குடுங்கய்யா, மொதல்ல." மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பந்தலில் விளக்கம் தேவைப்பட்டவள் நான் ஒருத்திதான். முதலாளி வேறு டேப் போட்டார். தாலி ஏறியது. எங்களைச் சாப்பிடாமல் விடவேயில்லை.

ஹட்டனுக்குத் திரும்பி, அந்தப் பனியை அப்படியே கடைசியில் ஒட்டினேன். மற்றவர்களும் காத்திருந்தார்கள். மறுபடி போட்டோம். திரை முழுக்க வெள்ளை. ஆனால் தப்பு முழங்குகிறது, குலவைச் சத்தம் கேட்கிறது, யாரோ "எந்திரிச்சிட்டான், எந்திரிச்சிட்டான்" என்கிறார்கள். நான் அன்று காதைக் கொடுத்துக் கேட்கவே இல்லை! அப்புறம் பனி கொஞ்சம் விலகியது. கிரீடம் கோணிப்போன மன்மதன் எழுந்து நிற்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு பெண் கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் குதித்துக் குதித்து ஆடுகிறார். யாரென்று பார்த்தால் இதே அம்மா!

அறையே சிரிப்பில் வெடித்துவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தார். பிறகு மகன் கன்னத்தை வழித்து, "இப்ப போயிட்டு வாய்யா" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

இப்போதும் ஒன்றும் தெரியாத காட்சி கைக்கு வந்தால், வெட்டுவதற்கு முன் சத்தத்தைக் கூட்டிக் கேட்கிறேன். அந்த வெள்ளைக்குள் யாருடைய பிள்ளை எழுந்துகொண்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.