என் வாயால் மூன்று முறை

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கும் வாய் உண்டு, சாப்பிடுவதற்கு. பேச வேண்டியதையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து மச்சான்தான் பேசினான். எனக்குத் திக்குவாய். விழுப்புரத்தில் பஸ் ஏறினால் திண்டிவனம் என்று சொல்ல வராது. அதைத் தாண்டியிருக்கும் மேல்மருவத்தூருக்கு டிக்கெட் எடுத்து, திண்டிவனத்தில் இறங்கிவிடுவேன். மகளின் பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததே இல்லை. அவள் அம்மாதான் போவாள்.

அந்த மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கத்து நிச்சயத்தில் பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு உங்களுக்கு, பரிசம் எங்களுக்கு" என்று சபையில் மூன்று முறை சொல்ல வேண்டும்.

"நான் சொல்லிடறேன் மாமா, நீங்க சும்மா நில்லுங்க" என்றான் மச்சான். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை.

மகள்தான் என்னை விழுப்புரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். அவள் வயதுப் பெண். திக்கு நிற்க வழி கேட்டேன்.

"நிக்கும்னு நான் சொல்ல மாட்டேங்க. அதை மறைக்கறதுக்காக இத்தினி வருஷமா எதையெல்லாம் விட்டீங்க?"

இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கோபம் வந்தது. ஆனாலும் சொன்னேன். பள்ளிக்கூடத்தைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"வெக்கம் போனப்புறம் பேசலாம்னு காத்துக்கினு இருக்கீங்க. அது பாட்டுக்கு உங்ககூட வரட்டும். உங்க பொண்ணுக்கு எப்படிப்பட்ட அப்பாவா இருக்கணும்? அதைச் சொல்லுங்க."

என் பெண்ணை நான்தான் கொடுக்க வேண்டும் என்றேன். அதைச் சொல்லி முடிக்க நெடுநேரம் பிடித்தது. ஆலோசகர் நடுவில் புகுந்து முடித்து வைக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது கண்டக்டரிடம் திண்டிவனம் கேட்டேன். "ஜல்தி சொல்லுய்யா, பேஜாரு பண்ணாத" என்றான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. டிக்கெட் மட்டும் சரியான ஊருக்குக் கிடைத்தது.

நிச்சயத்தன்று மண்டபத்தில் மச்சான் தட்டோடு எழுந்துவிட்டான். நான் போய் வாங்கிக்கொண்டேன். "பொ… பொ…" என்று நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மச்சான் பொறுக்கமாட்டாமல் முழுவதையும் சொல்லிவிட்டான். மாப்பிள்ளையின் அப்பா, விட்டால் போதும் என்று தட்டை இழுத்தார். நான் விடவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். வீடியோக்காரன் கேமராவை இறக்கிவிட்டான். மூன்று முறையும் திக்கித் திக்கி நானே சொன்னேன். மகள் மட்டும் தலை குனியவில்லை.

எனக்கு யாரும் மாலை போடவில்லை. "மானத்த வாங்கிட்டீங்க" என்றாள் மனைவி. பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா என் எதிரே வந்து நின்றார்.

"சம்மந்தி, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இது பரம்பரையா வருமா? நாளைக்குப் பேரப்புள்ளைங்களுக்கும்…"

மனைவியின் முகம் செத்துவிட்டது. மச்சான் வாயைத் திறந்தான். வராது என்று ஒரே சொல்லில் முடித்திருப்பான். நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"வ… வ… வ…"

அந்த அம்மாள் காத்திருந்தார். வேறு வழியில்லை.

"வரலாங்க" என்றேன்.