விதைக்கு விட்ட பார்ஸ்லி

எனக்கு எழுத்துக் கோணும், மறதியும் உண்டு. நுவரெலியாப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கருங்குழியில் கொத்தமல்லியை வேரோடு பிடுங்கித்தான் விற்கிறார்கள். மருமகள் முதல் தடவை வேரும் மண்ணுமாக வாங்கி வந்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. நாங்கள் கிள்ளிப் பழகியவர்கள். அங்கே தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா நடைபாதை ஓரத்தில் அழகுக்குப் பார்ஸ்லி என்று ஒரு கொத்தமல்லிச் சாதிச் செடி வைத்திருப்பார்கள். சுருட்டை சுருட்டையாகக் கரும்பச்சை இலை. அந்தப் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்த என் வீட்டுக்காரர் விதை கொண்டுவந்தார். நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் போட்டேன். முதல் வருஷம் இலைதான். வெளி இலையாகக் கிள்ளித் தேங்காய்ப்பூவோடு சம்பல் போடுவோம். இரண்டாம் வருஷம் தண்டு எழும்பிப் பூத்து, விதையைக் கொடுத்துவிட்டுச் செடி செத்துப்போகும்.

தொண்ணூறுகளில், அவர் போன பிறகு, முன்னாலேயே இங்கே வந்து குடியேறியிருந்த மகனிடம் வந்தேன். முந்தானையில் முடிந்து வந்த விதை அத்தனையையும் புரட்டாசி மழையில் விதைத்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் சித்திரை வெயிலில் வெந்துபோயின. அந்த ஒன்றுக்குப் பழைய சேலையில் பந்தல் கட்டினேன். ஆசைக்கு ஓர் இலைகூடக் கிள்ளவில்லை. அடுத்த மார்கழியில் நடுவில் தண்டு மாதிரி ஏதோ தெரிந்தது. இனி விதை வந்துவிடும் என்று தினமும் குனிந்து குனிந்து பார்த்தேன்.

ஒரு நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால், செடி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. பக்கத்து வீட்டு வசந்தா டம்ளரோடு வந்தாள்.

"இந்தா ஆயா, ரசம். ஒடம்பு சரியில்லன்னு உன் மருமவ சொல்லிச்சு. மல்லி முத்திகினு கீது, நீ பாத்துகினே கீற! அதான் வேரோட புடுங்கிப் போட்டு வெச்சேன்."

"அது மல்லி இல்ல புள்ள. வெதைக்கு விட்டிருந்தேன்."

"இன்னா ஆயா, கொத்தமல்லிக்குப் போயி கண்ணு கலங்குற! காய் வாங்குனா சும்மாவே சொருவித் தர்றான். சிலோன்ல அதுகூடக் கெடைக்காதா?" என்று சிரித்தாள். "ஆனா உன் மல்லிக்கு வாசனையே பத்தல, போ."

வேர் எங்கே என்று கேட்டேன். ஆட்டுக்குப் போட்டுவிட்டாளாம். கோபம் வந்தது. எனக்காக ரசம் வைத்து வந்தவளை என்ன சொல்லித் திட்டுவது? குடித்தேன். மேலே இந்த ஊர் மிளகும் பூண்டும். அடியில், மெல்ல, லயத்து வாசல் மணம். டம்ளரை வாங்கிப் போக அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் இன்னும் அரிக்கிறது. குளிர் பட்டால்தான் அது பூக்கும் என்பார் வீட்டுக்காரர்; குளிரே இல்லாத இந்த ஊரில் அது பூத்திருக்குமா? நான் பார்த்தது தண்டுதானா, வெறும் இலைக்காம்பா? இதைப் படிக்கிறவர்களில் நுவரெலியாவில் இருக்கிற யாராவது, தோட்ட வேலை தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதுங்கள். பூத்திருக்காது என்றால், வசந்தா மேல் இருக்கிற கோபத்தையாவது விட்டுவிடுவேன்.