நான்காம் அத்தியாயத்தில் பேசிய அம்மா

நான் பிரிண்டர் மெக்கானிக். ஆபீஸ் ஆபீஸாகப் போய், சிக்கிய காகிதத்தை உருவி, டோனர் தூளைத் துடைத்து, "இனி ஓடும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவருவது பிழைப்பு. விரல் நுனியில் எப்போதும் கறுப்பு. எழுத்தாளனுக்குரிய அடையாளம் என்னிடம் அது ஒன்றுதான். ஆனாலும் சர்வீஸ் சென்டரில் எல்லோரும் என்னை 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாவல் எழுதுகிறேன் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதன் பலன்.

ஏழு வருஷத்தில் மூன்று அத்தியாயம். அதற்காகச் சும்மா இருந்தேன் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிட முடியாது. காட்சிகளை வண்ண அட்டைகளாக அடுக்க ஒரு செயலி, கதைமாந்தருக்கு ஒன்று, எழுதியதை அளந்து விறுவிறுப்புக்கு மார்க் போட இன்னொன்று. கதாநாயகிக்கு மட்டும் எண்பத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் நிரப்பியிருக்கிறேன். பிடித்த நிறம், பயப்படும் பிராணி, அவள் இடது செருப்பு தேயும் விதம், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் இன்னும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது வேறு விஷயம்.

ஏழு பதிப்பகங்கள் கையை விரித்தபின், எட்டாவதாக ஒரு பெண் பதிப்பாசிரியர் மூன்று அத்தியாயங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை பத்து மணிக்குள் நான்காவதையும் அனுப்பினால், சேர்த்துப் படித்து முடிவு சொல்வதாகச் சொன்னார். இதுவும் போனால் நாவலை மூட்டை கட்டிவிடுகிறேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன். அவள் வழக்கம்போல் சாயங்கால வாக்கிங் கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, பேச்சை எழுத்தாக்கும் செயலியை ஓடவிட்டு, போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து, காய் நறுக்கியபடியே அத்தியாயம் முழுவதையும் வாயாலேயே எழுதி முடித்தேன். பிறகு குளிக்கப் போனேன். செயலியை நிறுத்த மறந்துவிட்டேன். ஈரத் தலையோடு வந்து பார்த்தால், மார்க் போடும் செயலி விறுவிறுப்புக்குப் பச்சை டிக் போட்டிருந்தது. ஏழு வருஷத்தில் முதல் பச்சை! தலைகால் புரியவில்லை. படித்துப் பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை, ஒரு வக்கீல் ஆபீஸில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தபோது பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

"சார், ஒளிக்காம சொல்றேன். மூணு அத்தியாயத்துலயும் எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு. நாலாவதும் அப்படித்தான் போச்சு. ஆனா கடைசியில ஒரு அம்மா பேசுறாங்க பாருங்க, நிமிர்ந்து உக்காந்துட்டேன். அவங்கள வெச்சு முழுசா எழுதுங்க, கண்டிப்பா போடுறேன். பஸ் ஸ்டாப்புல உக்காந்து அவங்க என்ன நினைக்கிறாங்க? அதுதான் எனக்கு வேணும்."

"எழுதிடலாம் மேடம்" என்றேன். எந்த அம்மா என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

கறுப்புக் கையோடு போனைத் திறந்து படித்தேன். நான் குளித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி சமையலறைக்கு வந்து அவளுடைய அக்காவோடு போனில் பேசியிருக்கிறாள். ஒரு சொல் விடாமல் ஏறியிருந்தது.

"வாக்கிங்கா? நீ வேற, அக்கா. அவரு எழுதுறப்போ வீடு அமைதியா இருக்கணுமாம். பாத்திரம் தேய்ச்சாலே மூஞ்சி போற போக்கைப் பாக்க சகிக்காது. அதான் சாயங்காலமானா வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு, பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வரேன். எந்த பஸ்லயும் ஏற மாட்டேன். கண்டக்டருங்களுக்கே என்னைத் தெரியும். திரும்பி வந்து பாத்தா, மனுஷன் எழுத்தோட சைஸை மாத்திக்கிட்டு இருப்பாரு."

பொய் இல்லை. அந்த ஒரு மணி நேரங்களில் பெரும்பாலும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வெட்கத்தில் காது மடல் வரை சூடாகிவிட்டது. "என்ன சார், பெரிய ரிப்பேரா?" என்று குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவள் கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து நானும் போனேன். பஸ் ஸ்டாப் பெஞ்சின் ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் திருதிருவென விழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். இனி இங்கே வர வேண்டாம், வீட்டிலேயே இஷ்டத்துக்குப் பாத்திரம் உருட்டலாம் என்று பெரிய மனுஷனாட்டம் அனுமதியும் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதிப்பாசிரியர் கேட்டது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

"இங்க உக்காந்து என்ன நினைப்ப?"

ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு விசில் ஊதினார். பஸ் போனதும் அவள் சொன்னாள்.

"மொதல்ல உங்களுக்காகத்தான் வந்தேன். இப்போ அப்படி இல்ல. நாள் முழுக்க யாரும் என்னை எதுவும் கேக்காத நேரம் இது ஒண்ணுதான். அதுலயும் நீங்க வந்து கேக்குறீங்க."

நான் எழுந்தேன்.

"ஏங்க," என்றாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த நாவலை இப்போதைக்கு முடிச்சிடாதீங்க."