பத்து மணிக்கு யாரும் வரவில்லை

கப்பல் ஏஜென்சி ஆபீசில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். பத்து மணி என்றால் எனக்குப் பத்து மணிதான். பத்து ஐந்துக்கு வருகிறவரைப் பார்த்தாலே என் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். ஓய்வு பெற்ற பிறகு இந்த வியாதியை வீட்டில் காட்ட ஆரம்பித்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த என் மனைவி, ஊருக்கு ஏதாவது உபகாரம் செய்யுங்களேன் என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்படித்தான் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் உப்பளப் பெண்களின் சுகாதாரக் குழுவுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் ஆனேன்.

அவர்களுடைய கோரிக்கை ஒன்றே ஒன்று. ஊர் சுகாதார நிலையத்தில் டாக்டர் உண்டு, மருந்து உண்டு, எல்லாம் இலவசம். ஆனால் ஓ.பி. காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான். உப்பு வாருகிறவர்களோ விடியும் முன்னே பாத்தியில் இறங்கி, உச்சி வெயிலில் கரையேறுகிறவர்கள். மேலெல்லாம் ஒட்டிய உப்பைக் கழுவிவிட்டுப் போய் நின்றால் அங்கே பூட்டுத்தான் இருக்கும். சாயங்காலமும் ஓ.பி. வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் காய்ச்சலோ தலைவலியோ எப்படியோ சமாளித்துவிடுவார்கள். ஒருத்திக்கு மட்டும் காலே இதில்தான் இருந்தது. குழுவில் எல்லாரும் அவளை மதினி என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவைக்கிறேன். சுகர்காரி. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஆறாத புண். சுகர் மாத்திரை வீடு தேடி வந்துவிடும், புண்ணுக்குக் கட்டுப் போட யாரும் வீட்டுக்கு வருவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுத்தம் செய்து கட்டாவிட்டால் முதலில் விரல் போகும், பிறகு பாதம் போகும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நாள் கூலி போகும். அதனால் மதினி வாரத்துக்கு ஒரு கட்டோடு, பாதத்தில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு உப்புத் தண்ணீரில் நின்றாள். சிரித்துக்கொண்டேதான் நிற்பாள். பார்க்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் நானே தனியாகக் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனுநாளில் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, நாலு பக்க மனு. அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், உங்களுக்கு உடம்புக்கு என்ன என்று. ஒன்றுமில்லை என்றேன். உப்பளத்தில் வேலையா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் கஷ்டப்படுகிறவர்களை ஒரு தடவை வரச் சொல்லுங்களேன் என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

ஆறு பெண்களைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கோரம்பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேன் வேண்டும். அன்றைய கூலியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் காரியம் முடியாது, நாலைந்து திங்களாவது ஆகும். இதற்கு யாரிடம் போவது? துபாயில் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர், இரண்டு சக்கர நாற்காலி வேண்டுமானால் நாளைக்கே அனுப்புகிறேன் என்றார். கோயில் கமிட்டியில், மருத்துவ முகாம் வைத்தால் பிரியாணி எங்கள் பொறுப்பு என்றார்கள். எல்லாரும் தாராள மனசுக்காரர்கள். ஆனால் போய்க் கேட்பதற்குப் பணம் என்றதும் எல்லாரும் ஒரே மாதிரி விழித்தார்கள். "கேக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி துட்டு? வாய் இருந்தாப் போதாதா?" என்றார் கமிட்டித் தலைவர்.

கடைசியில் இப்படிப்பட்ட குழுக்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்று மதுரையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். குழுவை நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறோம், நேரத்தை நீங்களே சொல்லுங்கள் என்று பதில் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணி என்று எழுதினேன். வாட்சப்பில் குழுவுக்கும் போட்டேன். மதினி ஒரு கும்பிடு அனுப்பியிருந்தாள். சரி என்று சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சமுதாயக்கூடத்தில் நாற்காலி போட்டு, டீக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மதுரையிலிருந்து ஒரு இளம்பெண் பத்து மணிக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது. இருபத்தைந்து நாற்காலிகளில் நாங்கள் இரண்டு பேர். பத்தரை ஆயிற்று. டீ ஆறிப்போயிற்று. குழு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. எனக்கு மானம் போய்விட்டது. வாம்மா என்று அதை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே உப்பளத்துக்கு விட்டேன்.

வரப்பில் நின்று நான் போட்ட சத்தத்தில் பாத்திகளில் இருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாதா என்று என் ஆபீஸ் பாணியில் பொரிந்து தள்ளினேன். மதினி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"பத்து மணிக்கு வர முடிஞ்சா நாங்க ஆஸ்பத்திரிக்கே போயிருப்போம்லா அண்ணாச்சி. ஒங்க கூட்டத்துக்கு எதுக்கு வாரோம்?"

அளம் முழுக்கச் சிரித்தது. மதுரைப் பெண்ணும் சிரித்தது. எத்தனை மனு எழுதியிருப்பேன், பாதி ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கோரிக்கையை ஒப்பிப்பேன். கூட்டம் வைக்கும்போது மட்டும் அது என் மண்டையில் ஏறவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து, முகாம் நடத்தவோ மருந்து வாங்கவோ பணம் தந்தால் ஆகாதா என்று கேட்டது.

"மருந்து அங்கன இருக்கு தாயி. நாங்கதான் அங்கன இல்ல" என்றாள் மதினி. "ஒரு நாளு எங்களக் கொண்டுபோயி அதிகாரி முன்னால நிறுத்துங்க, போதும்."

இருபது நாளில் பணம் வந்துவிட்டது. முதல் திங்கட்கிழமை ஆறு பேரும் நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி வேனில் ஏறினார்கள். மதினி பேச வேண்டியதை நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அதை மடித்து இடுப்பில் செருகியதோடு சரி. அதிகாரிக்கு முன்னால் நின்று, "சார், ஒங்களுக்குக் காய்ச்சல்னா எத்தன மணிக்கு டாக்டரப் பாக்கப் போவீய?" என்று கேட்டாள். அவர் யோசிக்காமல், சாயங்காலம் ஆபீஸ் முடிந்த பிறகு என்றார். சொன்ன பிறகுதான் யோசித்தார். அப்புறம் சிரித்துவிட்டு, நாற்காலிகளைக் கொண்டுவரச் சொன்னார்.

அதற்கு மேலும் மூன்று திங்கட்கிழமை அலைந்தோம். நாலாவது தடவை உத்தரவு வந்தது. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு வரை ஓ.பி. முதல் நாள் முதல் சீட்டு மதினிக்கு. புண்ணைப் பார்த்த டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு, ஆறும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் காட்டியதும் கங்காணி முனகிக்கொண்டே அவளை ஷெட்டில் மூட்டை தைக்க மாற்றினார். வாரம் மூன்று கட்டு. புண் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

வருடக் கடைசியில் அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. இந்த நிதியால் என்ன மாற்றம் ஏற்பட்டது என்று ஒரு கேள்வி. நான் ஐந்து பக்கம் எழுதி, சாயங்காலம் ஆறு மணிக்குக் குழுவைக் கூட்டி வாசித்தேன். விழிப்புணர்வு, உரிமை, பங்கேற்பு என்று ஒரு சொல்லையும் விடவில்லை. மூன்றாம் பக்கத்தில் இரண்டு பேர் தூங்கியே விட்டார்கள். மதினி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இவ்வளவு எதுக்கு அண்ணாச்சி? எனக்கு ரெண்டு காலும் இருக்குன்னு எழுதுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் சொன்னதை மட்டும் எழுதி அனுப்பினேன்.