பள்ளத்தாக்கு ஊரில் ஓர் அரண்மனை

தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு சின்ன டிராயிங் ஆபீசில் நான் டிரேசராக இருந்தேன். பழைய மேப்பின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, வேண்டிய கோடுகளை மட்டும் இங்க் பேனாவால் எடுப்பது என் வேலை.

ஒருநாள் லாட்ஜ் முதலாளி தணிகாசலம் வந்தார். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கும் தன் பூர்வீக ஊரில் ரிசார்ட் கட்டுகிறாராம். விளம்பரத்துக்கு மேப் வேண்டும்.

"நடுவுல எங்க தாத்தா அரண்மனை வரணும்மா. இப்ப கல் சொவருதான் கீது. ஆனா வாசல் இன்னா அகலம் தெரியுமா? யானை பூந்து போவும்!"

அந்த ஊரின் டோப்போ ஷீட், அதாவது சர்வே மேப், எங்களிடம் இருந்தது, வெள்ளைக்காரன் காலத்தது. ஓடை, தோப்பு, சந்தை எல்லாம் துல்லியமாக இருந்தன. அவர் சொன்ன இடத்தில் லென்ஸை வைத்தேன். பொடி எழுத்தில் 'கேட்டில் பவுண்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடம்!

சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் முதலாளி ராகவன் சாரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அப்போது கையில் இருந்த ஒரே பெரிய வேலை அது.

"சொன்னா மனுஷன் கோச்சுண்டு போயிடுவார். பொய்யும் எழுதப்படாது. 'பழைய அரசுக் கட்டடம்'னு போடும்மா. பவுண்டு கவர்மென்ட்டோடதுதானே?"

மறுநாள் நான் வரைந்த மேப்பைப் பார்க்க, தணிகாசலம் தன் தாயாரோடு வந்தார்.

"பாத்தியாம்மா, அரசுன்னே போட்டுக்கீது! ராஜ வம்சம்!"

ராகவன் சாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அம்மாள் பக்கத்தில் கிடந்த பழைய ஷீட்டில் ஓடையோரமாக விரலை நகர்த்தினார். "இது சந்தை. இது எங்க தோப்பு. அட, இது பவுண்டாச்சே! உங்க தாத்தா இங்கதான்டா காவக்காரர். அரண்மனைன்றது உங்கப்பா உட்ட ரீலு. எங்க எருமை சோளக்காட்டுல மேஞ்சு மாட்டிக்கிச்சு. மீட்கப் போனா, உங்கப்பா மாட்டை அவுக்காம என்னையே பாத்துக்கினு நின்னாரு."

தணிகாசலத்தின் முகம் சிவந்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் ஷீட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த எருமைக்கு இன்னாம்மா பேரு?"

"கருப்பாயி."

என் பக்கம் திரும்பினார். "பவுண்டுன்னே எழுதும்மா. வாசல்ல கருப்பாயியையும் வரைஞ்சுடு. மூஞ்சில மட்டும் ராஜகளை இருக்கணும்."

எருமையை மூன்று தடவை வரைந்த பிறகுதான் அம்மாளுக்குத் திருப்தி வந்தது. அதிலிருந்து, யாராவது பூர்வீகப் பெருமை பேசிக்கொண்டு வந்தால், ஷீட்டை விரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: "வீட்ல அம்மாவையும் கூட்டிட்டு வர முடியுமா சார்?"